ஆயிரத்துப் பதினெட்டு

அகிலன் ஐந்தரைக்கு எழுந்தான். வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பியைப் போட்டான். குக்கரில் கஞ்சிக்கு அரிசி வைத்து மூன்று விசில் விட்டான். ஆறே காலுக்குக் கட்டிலருகே போய், "அம்மா, எந்திரி" என்றான். போர்வைக்குள் சுருண்டிருந்த இரண்டு வயது மகள் தமிழ்மதி அசையவில்லை. "அம்மா, விடிஞ்சிருச்சு" என்றான் இன்னொரு முறை. எழுந்தாள். முகம் கழுவிவிட்டான். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் மாட்டினான். தலையில் தன்னுடைய மஃப்ளரைச் சுற்றி, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டான்.

காது வைத்த மஞ்சள் தொப்பி ஒன்று முன்பு இருந்தது. மூன்று மாதமாக அதைக் காணவில்லை. ஏரிப் பக்கத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். மகள் அதைக் கழற்றி எறிந்து, "இது இல்ல" என்றாள். அவனும் வற்புறுத்தவில்லை. மஃப்ளர் போதும் என்று விட்டுவிட்டான்.

கஞ்சியை ஊட்டினான். பாதியைத் துப்பினாள். துடைத்தான். ஏழரைக்குப் பக்கத்து வீட்டு முருகேஸ்வரி அக்காவிடம் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டான். மலைமேல் இருந்த நாயுடுபுரத்து வீட்டின் சன்னலுக்கு வெளியே மேகம் நின்றது. எதிர்வீடு தெரியவில்லை. ஜனவரியில் பத்து மணிவரை அப்படித்தான்.

அவன் மனைவி சௌம்யா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அகிலனின் வேலை பிழை பார்ப்பது. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தான். ஆராய்ச்சிக்காக எடுத்த மூளை ஸ்கேன்கள் வரும். மென்பொருள் ஒவ்வொரு மூளையையும் நூற்றுச் சொச்சம் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறம், ஒரு எண், ஒரு பெயர் கொடுத்து வைத்திருக்கும். மடிப்பு மடிப்பான மேல்பரப்பில் எண் ஆயிரத்தில் தொடங்கினால் இடப்பக்கம். இரண்டாயிரத்தில் தொடங்கினால் வலப்பக்கம். நிறம் எல்லை தாண்டி எலும்புக்குள் வழிந்திருக்கிறதா, ஒரு துண்டின் பெயர் இன்னொன்றில் ஒட்டியிருக்கிறதா என்று அவன் பார்க்க வேண்டும். சரி என்றால் பாஸ். இல்லையென்றால் ஃபெயில். ஒரு நாளைக்கு நாற்பது தலை. மென்பொருள் சொன்னதை நம்பாமல் பார்க்கிறவனுக்குத்தான் அந்த வேலை ஓடும். அகிலனுக்கு நன்றாக ஓடியது.

அன்றைக்குப் புதன்கிழமை. முதல் தலையைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பெரும்பாறைக் காப்பி எஸ்டேட்டிலிருந்து மாமியார் சண்முகவள்ளி.

"ஞாயித்துக்கெழம வெள்ளனே வந்துருவேன் மாப்ள. பாப்பா துணிமணியெல்லாம் எடுத்து வைங்க."

"இன்னும் யோசிக்கல அத்தை."

"யோசிக்க என்ன கெடக்கு? எம்மக சாகுறப்ப சொல்லிட்டுப் போனது. நாமளா சொல்லுறோம்?"

அகிலன் போனை வைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை சௌம்யா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மகளை முருகேஸ்வரி அக்காவிடம் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் மலையிறங்கி மதுரைக்குக் கொண்டுபோனான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இடப்பக்கம், முன்னால், ரத்தக் கசிவு. "பேச்சுக்கான இடம் அடிபட்டிருக்கு. பேசுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க" என்றார் டாக்டர். அவளும் பேசவில்லை. வியாழக்கிழமை மதியம் அகிலன் மருந்து வாங்கக் கீழே போனான். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றான். திரும்பி வந்தபோது சௌம்யா தூங்கிக்கொண்டிருந்தாள். மாமியார் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நாற்காலியில், மேலே ஒரு பச்சைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு அழுதபடி இருந்தாள். அன்று சாயங்காலமே எல்லாம் முடிந்தது.

அந்த முக்கால் மணி நேரத்துக்குள் சௌம்யா பேசினாள் என்பதுதான் மாமியார் கட்சி.

காடாற்றும் நாளில் மாமியார் சொன்னது, "எம்புள்ள எனக்குப் போர்வ குடுக்கச் சொல்லிருக்கா." பதினாறாம் நாளில், "அம்மாவப் பாத்துக்கங்கன்னு சொல்லிருக்கா." கார்த்திகைக்குள் அது, "அம்மாவத் தனியா விட்றாதீங்க" என்று ஆகியிருந்தது. இப்போது, தனியாக விடக்கூடாது என்றால் பேத்தி கூட இருக்க வேண்டும், அதைத்தான் மகள் சொல்லாமல் சொன்னாள் என்று வந்து நின்றது. பிழை பார்க்கிறவன் கவனித்துக்கொண்டே வந்தான். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் ஒரு விரற்கடை நீண்டது. உண்மை அப்படி வளராது என்று நினைத்தான்.

ஆனால் அதை அவனைத் தவிர யாரும் நினைக்கவில்லை. பேத்துப்பாறையில் பூண்டுக் காட்டில் நின்றுகொண்டு அவன் அப்பா ஆண்டிச்சாமி போனில் சத்தம் போட்டார்: "ஏலே, செத்தவ வாக்குடா அது. ஆம்பள ஒத்தையில புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? குடுத்துவிடு. உஞ்சோலியப் பாரு."

அகிலனுக்கும் அவர் சொல்வதில் பாதி சம்மதம்தான். சௌம்யா சொல்லியிருந்தால் மகளைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதை மீற அவனுக்குத் தெம்பு இல்லை. சொல்லவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். சொன்னாளா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள இன்னும் நான்கு நாள்தான் இருந்தது.

பீரோவைத் திறந்து ஆஸ்பத்திரிக் கோப்பிலிருந்து ஸ்கேன் சிடியை எடுத்தான். சௌம்யாவின் பெயரை அழித்துவிட்டு, மற்ற தலைகளைப் போல ஒரு எண்ணைக் கொடுத்து, நிறுவனத்தின் மென்பொருளுக்குள் போட்டான். அது விதிமீறல். தெரிந்தேதான் செய்தான்.

மத்தியானம் முடிவு வந்தது. மற்ற நாற்பது தலைகளைப் போலவே நிறம் நிறமாக வந்தது. ஆயிரத்துப் பதினெட்டைத் தேடினான். இடப்பக்கம், நெற்றிக்குப் பின்னால், பேச்சோடு சேர்த்துச் சொல்லப்படும் மடிப்பு அது. பால் கூடின டீயின் நிறம். முழுசாக இருந்தது. கன அளவு நான்கு மில்லி சொச்சம். அந்த வயதுக்குச் சரியான அளவு. மென்பொருளைக் கேட்டால் சௌம்யாவின் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை.

அகிலன் நிறத்தை மெல்ல மங்கலாக்கினான். டீ நிறம் வெளிறி, வெளிறி, போனது. அடியில் கறுப்பும் வெளுப்புமாக ஒரு திட்டு கிடந்தது. உறைந்த ரத்தம். மடிப்பு என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மென்பொருளுக்கு ரத்தம் தெரியாது. அது நல்ல மூளைகளை மட்டும் பார்த்துப் பழகியது. எந்த மூளையைக் கொடுத்தாலும் எல்லாப் பெயரையும் எங்காவது ஒட்டிவிடும். அங்கே ஆயிரத்துப் பதினெட்டு இருந்தாக வேண்டும். அதனால் இருக்கிறது என்று எழுதிவிட்டது.

ஃபெயில் என்று அடித்தான்.

அவ்வளவுதான். இடம் போய்விட்டது. இடம் போனபின் பேச்சு எங்கிருந்து வரும்? மாமியார் பொய் சொல்லியிருக்கிறாள். மென்பொருளைப் போலத்தான் அவளும், இல்லாத இடத்தில் தனக்கு வேண்டியதை ஒட்டியிருக்கிறாள். அகிலன் எழுந்து போய் மீதிக் கஞ்சியைச் சட்டியோடு குடித்தான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது.

நான்கு மணிக்கு ஜெயப்பிரியா கூப்பிட்டாள். கோயம்புத்தூர் அலுவலகத்தில் அவனுக்கு மேலே இருப்பவள்.

"அகிலன், உங்க லிஸ்ட்ல இல்லாத ஒரு தலை ஓடியிருக்கு. ஃபெயிலும் போட்டிருக்கீங்க. எங்கிருந்துங்க வந்துச்சு?"

"டெஸ்ட்டுக்குப் போட்டேன் மேடம்."

"டெஸ்ட்டுக்குன்னு ஒரு பொம்பளை மண்டையில ரத்தக் கசிவை உண்டாக்குனீங்களா?"

இவள் மேலே எழுதிப் போட்டுவிடுவாளோ என்று நினைத்தான். போட்டால் போடட்டும் என்றும் நினைத்தான். "என் வொய்ஃப்" என்றான்.

அவள் குரல் தாழ்ந்தது. "அதை நானே அழிச்சிடறேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எதுக்குங்க இதைப் பார்த்தீங்க?"

சொன்னான். மாமியார், பச்சைப் போர்வை, ஞாயிற்றுக்கிழமை. "ஆயிரத்துப் பதினெட்டு இல்ல மேடம். அப்ப பேசியிருக்க முடியாதில்ல?"

"நீங்க ஃபெயில் போட்டது சரி. அதுக்கு மேல நீங்க சொல்றது சரியில்லீங்க."

"ஏன்?"

"ஆயிரத்துப் பதினெட்டுங்கறது கதவு நம்பர் மாதிரி. அந்த வீட்ல பெரும்பாலும் பேச்சு குடியிருக்கும். எல்லாத் தெருவுலயுமா? உங்க வொய்ஃப் எந்தக் கை?"

"வலது. ஆஸ்பத்திரி ஃபார்ம்ல நான்தான் டிக் பண்ணேன்."

"நெசமாவே வலதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இடதுகைக்காரங்கள்ல கொஞ்சம் பேருக்குப் பேச்சு ரெண்டாயிரத்துப் பக்கம் இருக்கும். அவங்களுக்கு இந்தப் பக்கம் போனாலும் வார்த்தை வரும். அதுவுமில்லாம ஸ்கேன் செவ்வாய்க்கிழமை எடுத்தது. வியாழக்கிழமை என்னன்னு இந்தப் படத்துக்கு எப்படித் தெரியும்?"

போனை வைத்தபின் அகிலன் யோசித்தான். சௌம்யா வலது கையால் எழுதினாள். வலது கையால் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் டிக் அடித்தான். பூண்டு உரிக்கும்போது கத்தி எந்தக் கையில் இருந்தது? தெரியவில்லை. சாயங்காலங்களில் வாசலில் நின்று மகளுக்குப் பந்து எறிவாள். "அம்மா, புடி" என்பாள். எறிந்த கை எது? பந்து கண்ணுக்குத் தெரிந்தது. மகள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எறிந்த கை தெரியவில்லை. நான்கு வருஷம் கூட இருந்து இது தெரியவில்லை.

மறுநாள் காலையில் மாமியாருக்கு அவனே போன் செய்தான்.

"அத்தை, சௌம்யா சின்ன வயசுல எந்தக் கையில எழுதுவா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"ஒரு ஃபார்முக்கு."

"செத்தவளுக்கு என்ன ஃபாரம்?" அவள் குரல் உஷாரானது. "யாரும் எதும் சொன்னாங்களா?"

"சும்மாதான். சொல்லுங்க."

அவளுக்குப் பின்னால் எஸ்டேட்டில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"பீச்சாங்கைதான்" என்றாள் மாமியார். "சோறே அதுலதான் அள்ளுவா. நாந்தான் கரண்டியால போட்டு போட்டு மாத்துனேன். பள்ளிக்கூடத்துலயும் டீச்சர் விடல. ஆறு வயசுல சோத்தாங்கைக்கு வந்துட்டா. ஆனா நா இல்லாதப்ப எல்லாம் அதுலதான் செய்வா, எனக்குத் தெரியும்." நிறுத்தினாள். "ஏன் மாப்ள, நா அடிச்சு மாத்துனதுனாலதான் அவளுக்கு மூளையில அப்பிடி ஆச்சுன்னு சொல்லுறாங்களா?"

"இல்ல அத்தை."

"மறைக்காம சொல்லுங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் அழுதாள். அகிலன் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றான். பொய் சொல்கிறவள் வலது கை என்று சொல்லியிருப்பாளா, இடது என்றா? எதைச் சொன்னால் யாருக்கு லாபம் என்பதே அவளுக்குத் தெரியாது. நேற்று மத்தியானம் அவன் கட்டி வைத்த வழக்கு, அவள் சொன்ன ஒரே வார்த்தையில் விழுந்துவிட்டது. சௌம்யா பேசியிருக்கலாம்.

ஆனால் என்ன பேசினாள்?

"அவ சொன்னத நீங்க காதால கேட்டீங்களா அத்தை?"

"நா எங்க கேட்டேன்? என்னைய உள்ள விட்டாத்தான! அந்த நர்சுப் புள்ளதான் வந்து சொல்லுச்சு. ஃபெமினான்னு, உங்க ஊர்ப் புள்ள. இப்ப அங்கேயே ஏதோ இங்கிலீசு ஸ்கூல்ல வேல பாக்குதாம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்பப்ப போன் போடும். கிறிஸ்மஸுக்குக் கேக்கு குடுத்துவிட்டுச்சு."

கேக். அகிலன் அதைப் பிடித்துக்கொண்டான். மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பார்த்த நர்ஸ், செத்துப்போன நோயாளியின் தாய்க்கு எதற்குப் பெரும்பாறைக்குக் கேக் கொடுத்துவிட வேண்டும்? இரண்டு பேரும் பேசிப் பேசித்தான் வாக்கியம் நீண்டதா?

எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரித்து, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே போனான். வாட்ச்மேன் பெயரை எழுதச் சொன்னான். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் 'மெடிக்கல்' என்று எழுதினான். மருத்துவ அறை கட்டடத்தின் கடைசியில் இருந்தது. இரண்டு கட்டில், இரண்டும் காலி. ஃபெமினா கம்பளி ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளைக் கோட்டுப் போட்டு, மாத்திரைப் பட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எண்ணிக்கை நின்றது.

"சௌம்யா ஹஸ்பண்ட்" என்றாள்.

"ஆமா சிஸ்டர்."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "கேஸ் எதுவும் போடப் போறீங்களா சார்?"

"இல்ல."

"இல்லேன்னுதான் எல்லாரும் ஸ்டார்ட் பண்ணுவாங்க. அப்புறம் வக்கீல் நோட்டீஸ் வரும். நான் அந்த ஹாஸ்பிட்டல்லயே இப்ப இல்ல சார். ரிசைன் பண்ணிட்டேன்."

"எங்க மாமியாருக்குக் கேக் குடுத்துவிட்டீங்களாமே?"

"கிறிஸ்மஸுக்கு முப்பது பேருக்குக் குடுத்தேன். கேக் குடுத்தது குத்தமா?"

"எதுக்கு அவங்களுக்கு?"

"பாவமா இருந்துச்சு. குடுத்தேன். வேற என்ன ரீஸன் வேணும்? பெரும்பாறைக்கு லோடு ஏத்தப் போற ஜீப்புல போட்டுவிட்டேன். ஜீப்காரன் பாதியத் தின்னுருப்பான், அதையும் எங்கணக்குல எழுதுங்க."

அகிலன் உட்கார்ந்தான். "என் வொய்ஃப் கடைசியா என்ன சொன்னா?"

"அம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே."

"அவங்ககிட்ட சொன்னத அவங்க சொல்லிட்டாங்க. மூணு மாசமா சொல்றாங்க. 'அம்மாவத் தனியா விட்றாதீங்க'ன்னு சொன்னாளாம்."

ஃபெமினாவின் முகம் மாறியது. "தனியாவா? அப்படி நான் சொல்லவே இல்லையே!"

"'அம்மாவப் பாத்துக்கங்க'?"

அவள் மேசைமேல் இருந்த மாத்திரைப் பட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "அது நான் சேத்தது" என்றாள். "உண்மையச் சொல்றேன் சார். உங்க வொய்ஃப் திடீர்னு கண்ணத் தொறந்தாங்க. 'அம்மாவுக்குக் குளுரும்'னாங்க. தெளிவா இருந்துச்சு. நான் திரும்பிப் பாத்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவங்க அம்மா சேர்ல குறுகி உக்காந்து நடுங்கிட்டு இருக்காங்க. அந்த ஏ.சி. அப்படி. ஸ்டோர்ல இருந்து ஒரு போர்வையக் கொண்டுபோய்ப் போத்திவிட்டேன். 'உங்க பொண்ணு சொல்லுச்சும்மா, உங்களுக்குக் குளுருமாம், நல்லாப் பாத்துக்கணுமாம்'னு சொன்னேன். அழுதுட்டே இருந்தாங்க சார். ஆறுதலா இருக்கட்டுமேன்னு பாத்துக்கணும்னு நானா ஒரு வார்த்த சேத்தேன். தப்பா?"

அவள் சேர்த்தது ஒரு வார்த்தை. மாமியார் சேர்த்தது மீதி. நடுவில் பொய்யென்று எதைப் பிடிப்பது?

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான்."

"வேற எதுவுமே சொல்லலையா?"

"அதுக்கப்புறம் சொன்னது சம்பந்தமில்லாம இருந்துச்சு. நோட்ஸ்லயும் அப்படித்தான் எழுதினேன். ரிப்போர்ட்ல ஸ்பீச் ஏரியா போச்சுன்னு போட்டிருந்தாங்க. அந்த மாதிரி பேஷண்ட்டுக்கு வார்த்த வந்தாலும் மீனிங் இருக்காதுன்னு சொல்லித் தந்திருக்காங்க."

"சம்பந்தமில்லாம என்ன?"

"ஏதோ… தொப்பி, பீரோன்னு. தொப்பி எதுக்கு சார் மதுரையில?"

அகிலன் நாற்காலியின் கையைப் பிடித்தான். வெளியே மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் ஓடினார்கள். ஓட்டம் அடங்கும்வரை காத்திருந்தான்.

"சிஸ்டர், அவ சொன்னத அப்படியே சொல்லுங்க. எதையும் சேக்காதீங்க. எதையும் விடாதீங்க. சம்பந்தம் இருக்கா இல்லையான்னு பாக்காதீங்க."

ஃபெமினா கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு சொன்னாள். அகிலன் இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். இரண்டு தடவையும் ஒன்றுபோலவே வந்தது.

"உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க" என்றாள், கண்ணைத் திறந்து. "நீங்க மருந்து வாங்கப் போயிருந்தீங்க. எனக்கு டியூட்டி முடிஞ்சிருச்சு. மீனிங் இல்லாததப் போய் என்னன்னு சொல்றதுன்னு விட்டுட்டேன். ஸாரி சார்."

"பரவால்ல" என்றான். எழுந்து வெளியே வந்தான்.

ஏரியைச் சுற்றாமல் குறுக்குவழியில் வீட்டுக்கு நடந்தான். சமையலறை ஸ்டூலைத் தூக்கி வந்து பீரோ முன்னால் போட்டு ஏறினான். மேலே ஒரு பழைய சூட்கேஸ். அதை அவன் தொட்டு வருஷம் ஆயிருக்கும். அதற்குப் பின்னால், சுவரோரம், ஒரு துணிக்கடைப் பை. உள்ளே மஞ்சள் தொப்பி. ஒரு காது பாதி தைத்திருந்தது. ஊசி குத்தியபடியே இருந்தது. மகள் அந்தக் காதைக் கடித்துக் கடித்து நூலைத் தின்கிறாள், கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று சௌம்யா ஒருநாள் திட்டிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அவன் அப்போது வேலையில் இருந்தான். ம் என்று சொல்லியிருப்பான்.

ஸ்டூல்மேல் நின்றபடியே தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.

அவனுடைய தாய் அவன் காலேஜில் படிக்கும்போதே போய்விட்டாள். மகள் பிறந்த நாளிலிருந்து அவளை அம்மா என்றே கூப்பிட்டான். முதலில் கேலி செய்த சௌம்யாவுக்கும் பிறகு அதுவே வந்துவிட்டது. அம்மா தூங்கிட்டாளா, அம்மா ஸ்டவ்கிட்ட போறா பிடிங்க, அம்மா, புடி. பெரும்பாறையில் இருப்பவளைப் பற்றி அவனிடம் பேசும்போது 'எங்கம்மா' என்பாள். வெறும் அம்மா என்றால் இந்த வீட்டில் ஒருத்திதான். அந்த வியாழக்கிழமை அந்த ஒருத்தி தாயும் தகப்பனும் இல்லாமல், தொப்பியும் இல்லாமல், அடுத்த வீட்டில் இருந்தாள். மதுரையில் யாருக்குக் குளிரும்? குளிர்வது இங்கேதான்.

மூன்று மாதம் அவளை அவன் மஃப்ளரில் சுற்றிக்கொண்டிருந்தான்.

இறங்கினான். ஊசியை எடுத்துப் பத்திரப்படுத்தினான். மீதிக் காதை அவனே தைத்தான். கோணலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாமியார் வந்தாள். பையில் ஆரஞ்சுப் பழமும் காப்பித் தூளும். தோளோடு சேர்த்து அந்தப் பச்சைப் போர்வை. மூஞ்சிக்கல்லில் இறங்கி நடந்தே வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. பேத்தி வாசலில் மஞ்சள் தொப்பியோடு நின்றாள். கோணல் காதை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தொப்பியத்தான காணோமின்னு கெடந்தீக? எங்க கெடந்துச்சு?"

"உள்ள வாங்க அத்தை."

காப்பி போட்டுக் கொடுத்தான். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கட்டியிருக்க வேண்டிய துணிமூட்டை எதுவும் இல்லை.

"துணி எடுத்து வைக்கலயா?"

"இல்ல. அம்மா இங்கயே இருக்கட்டும். நீங்களும் வந்து இருங்க."

"நா எப்பிடி வர்றது? காப்பிப் பழம் பறிப்பு இன்னும் ஒரு மாசம் கெடக்கு."

"முடிஞ்சு வாங்க."

மாமியார் டம்ளரைக் கீழே வைத்தாள். கண் சுருங்கியது. "அந்த நர்சுப் புள்ளையப் போயிப் பாத்தீகளாமே. நேத்து போன் போட்டு அழுதுச்சு. ஸாரிம்மா, ஸாரிம்மான்னுச்சே ஒழிய வெவரம் சொல்லல. என்ன மாப்ள, நாஞ் சொன்னது பொய்யின்னு ஒங்களுக்குச் சந்தேகமா?"

"இருந்துச்சு."

"இப்ப?"

"இல்ல. நீங்க பொய் சொல்லல."

"அப்பறம் ஏன் புள்ளையத் தர மாட்டேங்கிறீக? எம்மக சொன்னது என்னாச்சு?"

அகிலன் அவளையும், அவள் தோளில் கிடந்த போர்வையையும் பார்த்தான். உங்களைச் சொல்லவில்லை என்று சொல்லலாம். அதற்கான ஆதாரம் வாசலில் மஞ்சளாக நின்றது. முதல் வரியை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் அவள் மனசு நிறையும், ஆனால் குழந்தை போய்விடும். அன்றைக்கு அவளும் நடுங்கத்தான் செய்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு அது தெரிந்ததா, தெரியவில்லையா? எந்தப் படத்தில் அதைப் பார்ப்பது?

"சொல்லுங்க மாப்ள. எம்மக என்னதான் சொன்னா?"

அவன் எதையும் சேர்க்கவில்லை. எதையும் விடவில்லை. யாரைச் சொன்னாள் என்றும் சொல்லவில்லை. கேட்டது கேட்டபடி சொன்னான்.

"அம்மாவுக்குக் குளுரும். தொப்பி பீரோ மேல இருக்கு. அவருகிட்ட சொல்லுங்க."